ஜன்னலோர நாற்காலியும் இரண்டு ஆமைகளும்

எங்கள் வீட்டில் வெயில் விழும் இடம் ஒன்றுதான். அங்கே கிடக்கும் நாற்காலியும் ஒன்றுதான். கல்யாணமான நாள் முதல் அதில் என் மனைவி உட்காருகிறாள். நான் தரையில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறேன். ஒருநாள் சபதம் எடுத்தேன். நாற்காலியைக் கைப்பற்றாமல் ஓய்வதில்லை.

வாதாடினால் இருக்கிற தரையும் போய்விடும். ஆதாரம் வேண்டும். அது கண்ணாடித் தொட்டிக்குள் இருந்தது.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள். எங்கள் வீட்டுக்கு அந்தப் பயம் இல்லாததால் மனைவி இரண்டு வாங்கி வந்திருந்தாள். குளத்து ஆமைகள், காதோரம் சிவப்புக் கோடு. ஒன்று சாப்பாட்டுத் தட்டு அளவு, இன்னொன்று உள்ளங்கை அளவு. விளக்குக்குக் கீழே ஒரே ஒரு கல். பெரியது அதில் காலை நீட்டிக் குளிர்காயும். சிறியது ஏறினால் ஒரே இடி, தொபுக்கடீர்! பெரியது தண்ணீரில் இறங்கியதும் சிறியது அதன் முகத்துக்கு நேரே போய், நீள நகங்கள் படபடக்க முன்னங்கால்களை ஆட்டும். பெரியது கண்டுகொள்ளாது. சில நாளாகப் பெரியது சரியாகச் சாப்பிடாமல் கண்ணாடியைப் பிறாண்டியது. குடும்பத் தலைவனுக்கு ஆயிரம் கவலை இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மாடி வீட்டு வக்கீலைச் சாட்சிக்கு அழைத்தேன்.

"பாரு," என்றேன் மனைவியிடம். "கல்லு மேல இருக்கறது ஆம்பளை. மூஞ்சிக்கு நேரா கைய ஆட்டி ஆட்டி சண்டை போடறது யாரு?"

"யாருங்க?"

"நகத்தப் பாரு, எவ்ளோ நீளம்! பொம்பளைதான். யாரு மேல உக்காரணும்னு இயற்கையே சொல்லுது."

"சரிங்க. தொட்டில எப்படியோ வீட்லயும் அப்படியே. கல்லு ஆம்பளைக்குன்னா நாற்காலி உங்களுக்கு. பொம்பளைக்குன்னா எனக்கு. அப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"மாற மாட்டேன்!"

"வக்கீல் சார், கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டேன்மா. சார்தான் வாயக் குடுத்துட்டாரு."

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒப்புக்கொண்டதில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டேன். சுகமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அவள் ஒரு பேசின் நிறைய ஈர மணலைக் கொட்டி, பெரிய ஆமையைத் தூக்கி அதில் விட்டாள்.

"எதுக்குடி மணல்?"

"தோண்டட்டுமே, பாவம்."

"ஆம்பளைல்ல! உழைக்கத் துடிக்குது."

"ஆமாமா."

அது பின்னங்கால்களால் குழி தோண்டியது. நிதானமாக, ஒவ்வொன்றாக, வெள்ளை வெளேரென்று முட்டை போட்டது. வக்கீல் மாடியிலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஏறிப் போனார்.

"இந்த வகைல பொண்ணுதாங்க பெருசு," என்றாள் மனைவி. "நீள நகம் ஆணுக்கு."

"அப்போ அது சண்டை போட்டது?"

"சண்டையா? தயவு பண்ணு தாயேன்னு கெஞ்சுதுங்க."

"உனக்கு எப்போ தெரியும்?"

"வாங்கறப்பவே கடைக்காரர் சொன்னாரு."

எழுந்தேன். அவள் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல், தரையில் அமர்ந்து நகவெட்டியை எடுத்தேன்.

"அத உள்ள வைங்க," என்றாள். "இனிமே உங்களுக்கு நகம் வேணும்."