ஒருவேளை பாயோடு ஹனோய்க்கு

ஓசூர் தொழிற்பேட்டையின் அத்தனை ஆலைச் சங்குகளும் ஒரே நேரத்தில் ஊதினாலும், ஒருவேளை பாய் தணிந்த குரலில் ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் கிளப்புகிற பீதிக்கு ஈடாகாது. அந்த வார்த்தைதான் 'ஒருவேளை'. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது.

பிரேக் உதிரிபாகங்கள் செய்யும் ஆலை எங்களுடையது. அவர் தரப் பரிசோதனையில் மூத்தவர், நான் புதிதாகச் சேர்ந்த இன்ஜினீயர். பளபளவென்று வந்து நிற்கும் நல்ல பாகத்தைக் கையில் எடுத்து, "ஒருவேளை இது மலைப்பாதையில உடைஞ்சா?" என்று கேட்பதுதான் அவர் வேலை. சிக்கல் என்னவென்றால், வேலை முடிந்த பிறகும் அவர் வேலையை நிறுத்துவதில்லை. கேன்டீனில் யாராவது இட்லியைப் பிட்டால், "ஒருவேளை உள்ள நட்டு கிட்டு விழுந்திருந்தா?" என்பார். அதற்குப் பிறகு அந்த மேசையில் யாரும் மெல்ல மாட்டார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் மேனேஜர் என்னையும் மஞ்சுவையும் ஒப்படைத்தார். புது இயந்திரத்தில் பயிற்சி பெற நாங்கள் வியட்நாமின் ஹனோய் நகரத்துக்குப் போக வேண்டும். மஞ்சு பாகலூர்க்காரன். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, இருவரும். எங்களைத் தயார்படுத்த பாய் எப்படித் தேர்வானார் என்றால், எங்கள் பிரிவில் பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். வைத்திருந்தாரே தவிர, எங்கும் போனதில்லை.

"பாஸ்போர்ட்டுக்கு மூணு நகல் எடுங்க. ஒண்ணு பெட்டில, ஒண்ணு கைப்பைல, ஒண்ணு உடம்புல."

"உடம்புல எதுக்கு பாய்?" என்றேன்.

"ஒருவேளை பெட்டியும் பையும் காணாமப் போயிட்டா?"

"அதான் நாங்க இருக்கோமே?"

"ஒருவேளை நீங்களே இல்லன்னா? யாரு பெத்த புள்ளைங்கன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

மஞ்சுவின் முகம் வெளுத்தது.

அடுத்த பாடம், சாலையைக் கடப்பது. ஹனோயில் பைக்குகள் ஆற்று வெள்ளம் மாதிரி வருமாம். "நிக்கவும் கூடாது, ஓடவும் கூடாது. ஒரே சீரா நடக்கணும். வண்டிக்காரன் தானா சுத்திக்கினு போவான்." வீடியோ பார்த்துக் கற்றதை எங்களுக்கு பாகலூர் ரோட்டில் ஒத்திகை வைத்தார். நாங்கள் ஒரே சீராக நடந்தோம். தக்காளி லோடு வண்டிக்காரர் சடாரென்று பிரேக் அடித்து, எங்கள் பரம்பரையையே மூன்று மொழிகளில் விசாரித்தார். மூன்றுக்கும் அர்த்தம் தெரிந்ததால் மஞ்சுவுக்குத்தான் சேதாரம் அதிகம்.

பிறகு என் அம்மாவுக்குத் தைரியம் சொல்ல ராயக்கோட்டைக்கே வந்துவிட்டார். அம்மா சந்தையில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பயப்படாதீங்க தங்கச்சி. ஃபிளைட்டு ரொம்ப பத்திரம்."

"அப்படியா பாய்?"

"ஆமா. விழுந்தாத்தான் பிரச்சனை."

அம்மா கையிலிருந்த பழம் நசுங்கியது. "இன்னா பாய், பொட்டப்புள்ளைய அனுப்புற நேரத்துல இப்படிச் சொல்றீங்க!"

அன்றைக்குத் தொடங்கிய அழுகை விசா வந்த பிறகும் ஓயவில்லை. மஞ்சுவோ பயணமே வேண்டாம் என்று நின்றுவிட்டான். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தான். மேனேஜர் கொதித்துப்போனார்.

"அவனை பயமுறுத்துனது நீங்கதான? நீங்களே போங்க!"

"சார், ஒருவேளை..."

"போங்கன்னு சொன்னேன்!"

பெங்களூரு போகும் வழியில் அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொள்வோம் என்று பாய் என்னை முந்தின நாளே கிளப்பிவிட்டார். விமான நிலையத்தில் எங்கள் விமானத்துக்குக் கவுன்ட்டர்கூடத் திறக்கவில்லை. பறந்த நேரமெல்லாம், விமானத்தைத் தான்தான் தாங்கிப் பிடித்திருப்பதுபோல இருக்கையின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஹனோயில் முதல் சாலை வந்தது. பைக் வெள்ளம் உண்மைதான். பாய் ஓரத்திலேயே உறைந்து நின்றார்.

"நிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன்மா. கால் கேக்க மாட்டேங்குது."

சட்டைக் கையைப் பிடித்து நான்தான் இழுத்துப் போனேன். கண்ணை மூடிக்கொண்டு துஆ ஓதியபடியே வந்தார்.

இதுவரைக்கும்தான் சிரிப்பு.

பயிற்சியின் பாதியில் ஒரு காலை, அடிவயிற்றின் வலப்பக்கம் கத்தி செருகினதுபோல ஒரு வலி. இயந்திரத்தின் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தேன். பாயின் பையில் இருந்த எந்த மாத்திரைக்கும் அது அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் தன் மொழியில் செல்போனிடம் பேச, அது ஆங்கிலத்தில் எங்களிடம் சொன்னது: குடல்வால் வெடிக்கிற நிலையில் இருக்கிறது, உடனே அறுக்க வேண்டும். உயிர் போகிற சேதியை ஒரு செல்போன் சொல்லிக் கேட்டால், அழக்கூட உடனே வருவதில்லை.

சுற்றிலும் புரியாத பேச்சு. இந்த ஊரிலேயே முடிந்துவிடுவேன் என்று நினைத்தேன். "பாய், ஒருவேளை எனக்கு..."

"அந்த வார்த்தையச் சொல்லாத பாப்பா!" என்று அதட்டினார். அவர் தாடி நனைந்திருந்தது. "உள்ள போ. நான் இந்தக் கதவாண்டதான் இருப்பேன்."

படுக்கையைத் தள்ளத் தொடங்கியபோது அவரிடம் கொடுத்திருந்த என் போன் அடித்தது. அம்மா. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

"தங்கச்சியா? பாப்பா மீட்டிங்ல இருக்குது. நல்லா சாப்பிடுது... ஊரா? ரொம்ப பத்திரமான ஊரும்மா. ரோடெல்லாம் காலியாக் கெடக்குது."

கதவு மூடும்வரை அந்தக் குரல் கேட்டது. ஒரு பிசிறுகூட இல்லை.

கண் விழித்தபோது அவர் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தது. "ஏன் பாய் கீழ?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"நாற்காலில உக்காந்தா தூங்கிடுவேன்மா."

ஊர் திரும்பியதும் நேராக ராயக்கோட்டைக்குப் போய் உண்மையைச் சொன்னதும் அவர்தான். அம்மா சந்தையே திரும்பிப் பார்க்கும்படி திட்டித் தீர்த்துவிட்டு, ஒரு கூடைத் தக்காளியை அவர் வண்டியில் ஏற்றினாள்.

இப்போது நான் வேறு கம்பெனி. வெளிநாட்டுப் பயணம் பழகிவிட்டது. பாய் ஓய்வுபெற்று கிருஷ்ணகிரியில் மகனோடு இருக்கிறார். எந்த ஊரில் விமானம் இறங்கினாலும் முதல் போன் அவருக்குத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்து, அவர் எடுக்கக் கொஞ்சம் தாமதமானாலும், 'ஒருவேளை...' என்று நானே முணுமுணுக்க ஆரம்பித்துவிடுகிறேன்.