மாங்காய் டெய்லரின் சட்டை

எனக்கு வயது எழுபத்தாறு. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அந்த ஐந்துக்கும் நான் இதுவரை மாட்டிவிட்ட சட்டைகளை எல்லாம் ஒன்றாகக் குவித்தாலும், எங்கள் மாங்காய் டெய்லர் ஒரே கோடையில் மாட்டிய சட்டைகளுக்கு ஈடாகாது. உலகத்திலேயே தைக்கத் தெரியாத டெய்லர் அவர் ஒருவர்தான்.

எம். புதுப்பட்டிக்கு வெளியே, எங்கள் வீட்டை ஒட்டி அவருக்கு ஒரு சின்ன மாந்தோப்பு. மாங்காய் எலுமிச்சம்பழ அளவுக்குத் திரண்டதும் ஒவ்வொரு காய்க்கும் ஒரு தாள் உறை போட்டு, காம்பில் நூலால் கட்டிவிடுவார். தண்ணீர் வடிய அடியில் இரண்டு ஓட்டை. ஈ குத்தாது, வெயில் சுடாது, தோலில் புள்ளி விழாது, பறித்த பிறகும் சீக்கிரம் அழுகாது என்பார்.

காய்க்கு இவ்வளவு உடுத்திப் பார்க்கிற மனிதர் தன் உடம்பில் சட்டை போடவே மாட்டார். தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான்.

"ஏ மதினி, நாளெல்லாம் வெயில்ல நிக்கிற பிள்ளைக்குச் சட்டை வேணாமா?" என்று என்னிடம் கேட்பார்.

"அப்ப உமக்கு?"

"நான் என்ன பழுக்கவா போறேன்?"

இந்தக் கிறுக்கு அவருக்குப் பிடித்தது மகளால். ஒரே மகள் செல்வியைப் பம்பாயில் கட்டிக்கொடுத்திருந்தார். வருடா வருடம் அவளுக்கு ஒரு பெட்டி மாம்பழம் அனுப்புவார். போய்ச் சேரும்போது பெட்டிக்குள் பழம் இருக்காது, குழம்புதான் இருக்கும். போன தடவை மருமகன் பெட்டியைத் திறந்த கையோடு வீட்டு ஜன்னல்களையும் திறந்தாராம். இந்த வருடமோ, கல்யாணமாகி வெகுகாலம் கழித்துச் செல்வி மாசமாக இருந்தாள். "அப்பா, நம்ம மரத்துப் பழம் திங்கணும்போல இருக்கு, கடைப் பழம் ஒப்பல" என்று போனில் அழுதுவிட்டாள்.

அன்றைக்கே டெய்லர் விவசாய ஆபீசுக்கு ஓடினார். உறை போடக் கற்றதும் அங்கேதான். அவர்கள் சொன்னபடி காய்க்குச் சுண்ணாம்புச் சத்து தெளித்தார். பறிப்புக்கு முன்னால் மரத்துக்குத் தண்ணீரை நிறுத்தினார். மரம் வாடுகிறதே என்று நான் ஒரு குடம் ஊற்றப் போக, "மதினி, விரதத்தைக் கெடுத்துராதீக!" என்று பாய்ந்து வந்தார்.

எல்லாம் சரி. உறைக்குத் தாள்? பட்டாசும் அச்சாபீசுமாய் இருக்கிற இந்த ஊரில் மலிவாய்க் கிடைக்கிற தாள் ஒன்றுதானே! அச்சாபீசில் வண்ணம் தப்பி ஒதுக்கிய பட்டாசு லேபிளை மூட்டையாகக் கொண்டுவந்தார். மரம் முழுக்கப் புஸ்வாணம், சங்கு சக்கரம், குருவி வெடி. தூரத்திலிருந்து பார்த்தால் பட்டாசே காய்த்துத் தொங்குவது போல இருக்கும்.

போகிற வருகிற எவனோ எழுதிப் போட்டுவிட்டான், தோப்பில் திருட்டுப் பட்டாசு வெயிலில் காய்கிறதென்று. ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். "பீடி பிடிக்கிறவன் எவனும் கிட்ட வரக்கூடாது!" என்று கத்திவிட்டு, ஒரு உறையை இரண்டு விரலால் மெல்லப் பிரித்தார். உள்ளே மாங்காய்.

"சந்தேகம்னா கடிச்சுப் பாருங்கய்யா" என்றார் டெய்லர்.

அதிகாரி கடித்தார். அந்தப் புளிப்பில் அவர் முகம் போன போக்குக்கு, பட்டாசே வெடித்திருந்தால் தேவலை. ஜீப் போனதும், டெய்லர் பிரிந்த உறையை நீவி மடித்து இன்னொரு காய்க்குக் கட்டினார்.

பறிக்கிற நாள் வந்தது. காலையிலேயே, பால் தோலில் வடியாமல் காம்போடு வெட்டி, உறையோடு பெட்டியில் அடுக்கினார். அப்புறம் ஓர் அதிசயம் செய்தார். மகள் கல்யாணத்துக்கு எடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "செல்விக்குப் போற பெட்டி. மரியாதையாப் போகணும்லா?" பாச்சை உருண்டை வாசத்தோடு விருதுநகர் பார்சல் ஆபீசுக்கு அவரும் நானும் பஸ் ஏறினோம்.

அங்கிருந்த தம்பி பெட்டியைத் திறந்ததும் பின்னால் தாவினான். "பெரியவரே, பட்டாசெல்லாம் ஏத்த முடியாது!"

"ஏலே, அது மாங்காடா!"

"புஸ்வாணம்னுல போட்டிருக்கு?"

"என் மக புஸ்வாணத்தையா திங்கப் போறா?"

அவன் பிரித்துப் பார்த்தான். உள்ளே அப்போதுதான் குளிப்பாட்டிய பிள்ளை மாதிரி புள்ளியில்லாத பழம். அப்படியும் மசியவில்லை. "வழியில எவனாவது திறந்து இந்தத் தாளைப் பார்த்தா என் வேலை போயிரும். உரிச்சுட்டுக் கொடுங்க."

டெய்லர் ஒவ்வொரு உறையாக உரித்தார். "ஒண்ணோடொண்ணு இடிச்சே அழுகிருமே மதினி. பிள்ளைத்தாச்சிப் பொண்ணு காத்துக் கெடப்பாளே." துண்டைப் பெட்டியின் அடியில் விரித்தார். போதவில்லை. கை இடுப்பு வேட்டிப் பக்கம் போனது.

"அதுல கை வச்சீருன்னா நான் இப்பவே பஸ் ஏறிருவேன்!" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். சட்டையைக் கழற்றினார். இரண்டு கைக்குள்ளும் பழங்களை நுழைத்து முனையை முடிந்தார். மிச்சத்தை உடம்புத் துணியில் மடிப்பு மடிப்பாய்ச் சுற்றினார். இருப்பதில் சின்னப் பழத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

திரும்புகிற பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்: "பெரியவரே, சட்டை எங்க?"

"பம்பாய்க்குப் போயிருக்கு."

செல்வியின் போன் வருகிற வரைக்கும் மனிதர் சோறு இறங்காமல் திரிந்தார். வந்ததும் நானும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தார். "அப்பா, ஒரு பழங்கூடக் கெடலப்பா! பையில இருந்ததைத்தான் முதல்ல தின்னேன்." டெய்லர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு ஜில்லாவையே ஜெயித்த பெருமை. "சட்டையைத் திருப்பி அனுப்ப மாட்டேன். துவைக்கவும் மாட்டேன். உங்க வாசம் அடிக்குது" என்றாள். டெய்லர் போனை வைத்தார். மரத்தைப் பார்க்கப் போகிறேன் என்று எழுந்து போனார். மரத்தில் அப்போது ஒரு காயும் கிடையாது.

நேற்று அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். செல்வி பிள்ளையோடு ஊருக்கு வருகிறாளாம். "மதினி, ஊசி நூலு இருக்கா? ஒரு சின்னச் சட்டை தைக்கணும், சொல்லித் தாங்க." பழைய வேட்டியில் மெத்தென்ற இடமாகப் பார்த்துக் கிழித்து எடுத்து வந்திருந்தார். நூல் கோக்கத் தெரியவில்லை. நான்தான் கோத்துக் கொடுத்தேன்.

ஏ பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின இதை ஒருதரம் சத்தமா வாசி. மனுஷனை ரொம்பக் கேலி பண்ணியிருந்தா சொல்லு, கொஞ்சம் குறைச்சுக்கிடுவோம்.