சுடுதண்ணி அங்கிளின் அண்டா

புழுக்கம் தாங்காமல் ஊரே காத்தாடிக் காற்றுக்குச் சண்டை போடும் கோலாலம்பூரில், சூட்டுக்காகச் சண்டை போட்ட ஒரே மனிதர் எங்கள் சுடுதண்ணி அங்கிள்தான்.

எண்பதுகளில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் நாங்கள் சிலர் வாடகைக்கு இருந்தோம். எல்லாருமே மாசக் கடைசியில் வெறும் ரொட்டியைத் தின்கிற பிரம்மச்சாரிகள். அங்கிள் மட்டும் வயதானவர். நீராவி ரயிலுக்குக் கரி அள்ளிப் போட்டு ரிட்டையரானவர். சாந்தமாகப் பேசவே வராது. "டீ குடிக்கிறியாடா?" என்பதைக்கூட அடிக்க வருவதுபோலத்தான் கேட்பார்.

எங்களோடு இருந்த ராஜு, மேரு என்ற ஊரில் லோரியிலிருந்து மூட்டை இறக்கும்போது விழுந்தான். இடுப்பில் பலத்த அடி. காலையில் சுடுதண்ணி ஊற்றினால்தான் நிமிரவே முடியும். அவன் வேலை செய்த கம்பெனி கையை விரித்துவிட்டது. அங்கிளுக்குப் பற்றிக்கொண்டது.

"மனுசன் விழுந்து கிடக்கான், மூட்ட கிழிஞ்சிருச்சான்னு கேக்குறானுங்க! நான் பாத்துக்கறேன்லா!"

முதலில், வாளிக்குள் போட்டுத் தண்ணீரைச் சுடவைக்கும் கரண்டுக் கம்பி வாங்கினார். மலிவுதான். சுவிட்சைப் போட்டதும் மாடியும் கீழே கடையும் சேர்ந்து இருண்டன. கடைக்கார முதலாளிதான் வீட்டுக்கும் சொந்தக்காரர். மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"யாரு பண்ண வேல இது?"

"உங்க வயரு செத்துப்போச்சு. என்னை ஏன் கேக்குறீங்க?" என்று அங்கிள் எகிறினார்.

அடுத்தது மண்ணெண்ணெய் ஸ்டவ். தண்ணீர் சுட்டது, ஆனால் எங்கள் சட்டையெல்லாம் நாறியது. பங்சாரில் நான் வேலை பார்த்த ஆபீசில் என் பக்கத்தில் யாரும் தீக்குச்சி உரசவில்லை. மூன்றாவதாக என்னை இழுத்துக்கொண்டு சுவரில் மாட்டும் ஹீட்டர் பார்க்கப் போனார். விலையைக் கேட்டவர் கடையே அதிரக் கத்தினார்:

"இதுல குளிக்கணுமா, இல்ல இதையே கல்யாணம் பண்ணிக்கணுமா?"

கடைசியில் பலகை ஆலையில் சும்மா கிடந்த மரத்தூளை அள்ளி வந்தார். பழைய பிஸ்கட் டின்னில் இறுக்கி அடைத்துக் கீழே பின்கட்டில் பற்றவைத்தார். புகையில்லாமல், செலவில்லாமல் ஓர் அண்டா தண்ணீர் கொதித்தது. ராஜு நிமிர்ந்து நடக்க ஆரம்பித்தான். நாங்களும் ஆளுக்கொரு சொம்பு தண்ணீர் எடுத்துக்கொண்டோம்.

இது முதலாளி கண்ணில் பட்டது.

"சுடுதண்ணி வசதியெல்லாம் இருக்கே! அடுத்த மாசம் வாடகைய ஏத்தணும்."

இப்போது நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தூளும் எங்களுடையது, டின்னும் எங்களுடையது. இவர் ஒரு தீக்குச்சிகூடத் தந்ததில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிள் துண்டால் பிடித்து அண்டாவைத் தூக்கினார். முதலாளி துள்ளி விலக, கொதிக்கக் கொதிக்க அத்தனையும் சாக்கடையில் போனது.

"இப்ப வசதி போச்சு. வாடகைய இறக்கு!"

முதலாளி இறக்கவில்லை. ஏற்றவும் இல்லை. அதற்கப்புறம் அவர் பின்கட்டுப் பக்கமே வரவில்லை.

அங்கிள் அதே கோபத்தோடு வெறும் அண்டாவில் மறுபடி தண்ணீர் பிடித்து அடுப்பில் ஏற்றினார். கொதித்ததும் மாடியேறி ராஜுவின் கதவை உதைத்தார்.

"எந்திரிடா எரும! ஆறிடும்லா!"

அவனைக் குளிக்க அனுப்பிவிட்டு, குழாயடியில் உட்கார்ந்து பச்சைத் தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டார். எத்தனையோ காலைகளில் பார்த்திருக்கிறேன். அந்த அண்டாவிலிருந்து ஒரு சொம்புகூட அவர் தனக்கென்று எடுத்ததில்லை.