ரயிலைக் கேட்டா அறிவிக்கிறோம்?

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் சௌக்கியம். என் மரியாதைக்கு மட்டும் சென்ற செவ்வாய்க்கிழமை முதல் உடம்பு சரியில்லை. அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருக்கும்போதே இந்தக் கடிதத்தைப் படித்து முடித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக மைக் முன் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான் என்பது தங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு குடும்பத்துக்கு அறிவித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில்தான், அடுத்த வருடம் நமக்கு இரண்டாவது பேரக்குழந்தை என்று மாடி வீட்டுக்காரர், தையல்காரர், தாங்கள் உட்பட எல்லோருக்கும் சொல்லிவைத்தேன். "மருமகளைக் கேட்டீங்களா?" என்றாள் என் வீட்டுக்காரி. "ரயிலைக் கேட்டா ரயில் வருதுன்னு அறிவிக்கிறோம்?" என்றேன். அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

பிறகு மருமகள் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும் என்றதும், இரண்டாவதுக்குத்தான் ஏற்பாடு நடக்கிறது என்று நம்பி நானும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவள், என் மகன், வீட்டுக்காரி, நான் என்று நால்வரும் திமுதிமுவென்று உள்ளே போனோம். நாற்காலி இரண்டுதான், ஒன்றில் நான் உட்கார்ந்தேன். டாக்டரம்மா மருமகளைப் பார்த்து என்ன விஷயம் என்றார். "ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கா" என்றேன். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்றார். "குறித்த நேரத்துக்கு வருது" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது, பழக்க தோஷம். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஐயா, நான் அவங்களைக் கேட்டேன்" என்றார். அப்போதுதான் தங்கள் மகள் வாயைத் திறந்தாள். இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் குழந்தை வேண்டாம், அதற்குக் கருத்தடைச் சாதனம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பிசிறில்லாமல் சொன்னாள். நாலாவது நடைமேடைக்கே கேட்டிருக்கும். "இதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்" என்றேன். "நல்லது, நீங்க போட்டுக்க வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. மேஜரான பெண்ணின் உடம்புக்கு அவள் சம்மதம் ஒன்றுதான் சட்டப்படி வேண்டுமாம். புருஷன் கையெழுத்துகூடத் தேவையில்லாத இடத்தில் மாமனார் எந்தக் கணக்கில் சேர்த்தி என்பதை மிகவும் மரியாதையாக விளக்கினார். யாரும் அவளை வற்புறுத்தவில்லையே என்று தனியாகக் கேட்க வேண்டும் என்று எங்கள் மூவரையும் வெளியே அனுப்பிவிட்டார். "அவ உடம்பு, அவ இஷ்டம்பா" என்றான் என் மகன். பயலுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

வெளியே பெஞ்சில் எனக்கு முன்பே துரத்தப்பட்ட ஒரு மாமியாரும் ஒரு அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் என் நியாயத்தை எடுத்துச் சொல்லக் கையை வீசினேன். பெஞ்சில் துருத்திக்கொண்டிருந்த துருப்பிடித்த ஆணி முழங்கைக்குக் கீழே கிழித்துவிட்டது. நர்ஸ் ஓடிவந்து, தடுப்பூசி போட வேண்டும் என்றார். "போடுங்க, தாராளமாப் போடுங்க" என்றாள் என் வீட்டுக்காரி. ஊசி என்றால் எனக்கு ஆகாது என்று தாங்கள் அறிவீர்கள். "என் கை! என்னைக் கேக்காம நீ எப்படிச் சொல்லலாம்?" என்று கத்தினேன். வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ரயிலைக் கேட்டா அறிவிக்கிறாங்க?" என்றாள் அவள். அந்த மாமியார் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நர்ஸ் மட்டும் ஊசியைப் பிடித்தபடி, "ஐயா, உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லும்வரை காத்திருந்தார். இத்தனை வயதில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது. அது வேறு விஷயம்.

ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து தங்கள் மகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். வியாழக்கிழமை வருகிறீர்கள் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கங்கள். வீட்டில் சின்னவர்கள் எல்லோருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
ஊசி போடாத கையால் எழுதும்
தங்கள் அன்புச் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மருமகளிடம் படித்துக் காட்டினேன். ஊசி வந்த இடத்தில் நன்றாகச் சிரித்தாள். பிறகு, "பையன் பிறந்தப்போ தாயும் சேயும் நலம்னு எல்லாருக்கும் சொன்னீங்க மாமா. அப்போ எனக்கு ரத்தம் ஏறிக்கிட்டிருந்துச்சு. நலமான்னு என்னை யாரும் கேக்கலை" என்றாள். சம்பந்தி, எனக்கு மனசே ஆறவில்லை. "இப்ப எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டுவிட்டு, அந்த நர்ஸ் மாதிரி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். ரொம்ப நேரம் பேசினாள். என்ன சொன்னாள் என்று எழுத அவள் அனுமதி இல்லை, அப்பாவிடம் தானே சொல்லிக்கொள்வாளாம். மற்றதை அனுப்பலாம் என்றாள். எனவே, வியாழக்கிழமை வருவதாக இருந்த தாங்களும், அடுத்த வருடம் வருவதாக இருந்த பேரக்குழந்தையும் ரத்து செய்யப்படுகிறீர்கள். தடங்கலுக்கு வருந்துகிறேன்.