'டாக்' பிறந்த கதை

"மூலம் தெரியவில்லை" என்ற இரண்டு சொற்களைப் பார்த்தாலே கத்பர்ட் பிம்முக்குப் பற்றிக்கொண்டு வரும். நாய்க்கு ஆங்கிலத்தில் 'டாக்' என்ற பெயர் எப்படி வந்தது என்று எவருக்கும் தெரியாது. யார்க் நகரத்து அகராதி அலுவலகத்தில் சேர்ந்த புதிதில், சம்பளம் போதாமல் பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதிய காலத்திலிருந்தே அவரை உறுத்திய சொல் அது. இந்த வெள்ளிக்கிழமை அந்தச் சொல் வரும் பக்கம் அச்சுக்குப் போகிறது. அன்றே அவருக்குப் பணி ஓய்வு. பெயர் நிலைக்க இது ஒன்றுதான் மிச்சம்.

செவ்வாயன்று ஒரு பழைய புத்தகத்தில் விடை கிடைத்தது. மந்தையை மடக்க டென்மார்க் மேய்ப்பர்கள் எழுப்பிய குரல்தான் 'டாக்' ஆனதாம்.

அகராதியின் ஆசிரியர் ஹாலம் அம்மையார் தேநீர்க் கோப்பைக்கு மேலாகப் பார்த்தார். "ஒரு புத்தகம் சொன்னா ஆச்சா, பிம்? மூணு சாட்சி வேணும்னு தெரியாதா?"

"மூணு என்ன மேடம், முப்பது கொண்டு வரேன்!"

புதன்கிழமைக்குள் அதையே சொல்லும் புத்தகங்கள் நான்கு சேர்ந்துவிட்டன. பிம்முக்குக் கால் தரையில் பாவவில்லை. வானொலிக்குப் பேட்டியே கொடுத்துவிட்டார்.

"எங்க வீட்டு நாய் இத்தனை நாளா டென்மார்க் பாஷையில பேசிட்டிருந்திருக்கு, நமக்குத்தான் புரியல சார்" என்றார் பேட்டியைக் கேட்ட கறிக்கடைக்காரர்.

வியாழனன்று அம்மையார் நான்கையும் புரட்டினார். "நாலுலயும் அச்சு அசலா அதே வரி! ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதியிருக்காங்க. முதல்ல சொன்னவனைப் பிடிங்க. இல்லன்னா 'மூலம் தெரியவில்லை'தான். வானொலியில போய் மன்னிப்பும் நீங்களே கேளுங்க."

பிம் நான்கையும் மறுபடி பிரித்தார். நான்காவது புத்தகம் மூன்றாவதைக் கைகாட்டியது, மூன்றாவது இரண்டாவதை, இரண்டாவது முதலாவதை. முதலாவது, இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு நாய் வளர்ப்பு மாத இதழை. நூலகத்தில் தேடி எடுத்துக்கொண்டு, வெள்ளி காலை மழையில் நனைந்தபடி ஓடி வந்தார்.

"ஆள் கிடைச்சாச்சு மேடம்! டாக்டர் ஆல்டஸ் ட்வெய்ட்! யாரையும் மேற்கோள் காட்டல. அப்படின்னா மேய்ப்பர்கள்கிட்ட நேர்லயே கேட்டு எழுதியிருக்கார். எப்பேர்ப்பட்ட அறிஞர்!"

"கேள்விப்பட்டதே இல்லையே. உயிரோட இருக்காரா?"

பிம்மோடு அதே வருடம் வேலைக்குச் சேர்ந்த தட்டச்சர் டோரீன், விசைகளிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்:

"நல்லாத்தான் இருக்கார் மேடம், இதோ நனைஞ்சுபோய் நிக்கிறாரே, அந்த மாசம் மட்டும் ஒன்பது பேர்ல எழுதினீங்க பிம் சார், கால் பக்கம் காலியா இருக்குன்னு நீங்க வாய்க்கு வந்ததைச் சொல்லச் சொல்ல அடிச்சுக் கொடுத்தது நான்தானே!"