ரைபிள் ஸ்க்ரூவில் ஒரு மஞ்சள் கோடு

படப்பை,
வியாழக்கிழமை

கர்த்தருக்குள் அன்பான ஃபிரடி மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் யேசுராஜ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் கிரேசியும் மகள் எவாஞ்சலினும் இங்கே சுகம். நானும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், என்ன சாப்பிட்டேன் என்பதுதான் ஞாபகம் இருப்பதில்லை. நாகர்கோவிலில் உங்கள் மாமனார் வீட்டுக் கல்யாணத்தில் பந்தல், பந்தி என்று அலைந்துகொண்டிருப்பீர்கள். போனில் சொல்லலாம்தான், ஆனால் உங்கள் பெயரைப் பார்த்ததுமே கிரேசி ஸ்பீக்கரில் போடச் சொல்வாள். அதனால் எங்கள் கம்பெனி லைனில் வேலை பார்க்கும் தென்றல் இன்று உங்கள் பக்கம் ரயிலேறுகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படிக்கவும்.

விஷயம் நம் துப்பாக்கி சுடும் கிளப்பின் ரைபிளைப் பற்றியது. எவாஞ்சலின் சுடுகிற அந்தப் பாயின்ட் டூ டூ ரைபிளின் ட்ரிகர் கரகரவென்று இருக்கிறது, இழுக்க இழுக்கக் கை ஆடிப்போய்க் குண்டு வலது பக்கம் போகிறது என்று அவள் மூன்று மாதமாக அழுதாள். கிளப்பின் துப்பாக்கிப் பொறுப்பாளர் என்ற முறையில் நீங்கள்தான் அதைக் கழற்றி, உள்ளே பிசினாக இறுகிக்கிடந்த பழைய எண்ணெயைத் துடைத்து, ட்ரிகர் பக்கத்திலிருக்கும் அந்தக் கடுகளவு ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி, ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தொங்கவிட்டாலும் அசையாத ட்ரிகரை அரைக் கிலோவுக்கே கண்ணாடிக் குச்சி உடைகிற மாதிரி டக்கென்று விழ வைத்தீர்கள். பிள்ளை முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். ஊருக்குப் புறப்படும்போது, "யேசு, வெளியே துடைங்க, போதும், உள்ளே எதையும் தொடாதீங்க" என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். அதை நான் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கிளப்புக்குப் போனோம். செயலாளர் ராஜசேகர் சார் தோட்டா இல்லை என்று காட்டிவிட்டுத்தான் ரைபிளைக் கொடுத்தார். எவாஞ்சலின் தண்ணீர் குடிக்கப் போனாள், ராஜசேகர் சாருக்கு போன் வந்தது, நான் துணியால் துடைத்துக்கொண்டே வந்தேன். அந்த ஸ்க்ரூ கண்ணில் பட்டது. அதன்மேல் மஞ்சள் கோடு இல்லை மச்சான்! ஒரகடம் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கிறேன். எங்கள் லைனில் முடுக்கின ஸ்க்ரூவுக்கு மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போடுவோம், கோடு இல்லாத ஸ்க்ரூ என்றால் யாரும் முடுக்காத ஸ்க்ரூ, அது நம்மைத் தாண்டிப் போனால் மறுநாள் சூப்பர்வைசர் முன்னால் நாம்தான் நிற்க வேண்டும். என் கை என்னைக் கேட்கவே இல்லை. பையில் எப்போதும் கிடக்கும் ஸ்க்ரூ முடுக்குகிற சாவியை எடுத்து, இனி திரும்பாது என்கிறவரை முடுக்கி, சட்டைப் பாக்கெட்டிலிருந்த மஞ்சள் மார்க்கரால் அழகாக ஒரு கோடும் போட்டுவிட்டது. போட்டபிறகு எனக்கு ஒரு திருப்திகூட வந்தது.

பிள்ளை வந்து படுத்துக் குறிபார்த்து இழுத்தாள். "இன்னாப்பா இது, ட்ரிகருக்குப் பூட்டு போட்ட மாதிரி கீது?" என்றாள். நான் வானத்தைப் பார்த்தேன். அன்றிலிருந்து வீட்டில் ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே இருக்கிறாள். "துப்பாக்கி மேல தப்பில்லம்மா, என் விரல்தான் செத்துப் போச்சு" என்று கிரேசியிடம் சொல்கிறாள். நேற்று சாப்பிடும்போது, "சனிக்கிழமை டீம் செலக்‌ஷன்ல என் பேரை வாபஸ் வாங்கிக்கட்டுமா?" என்று கேட்டாள். கிரேசி என்னைப் பார்த்து, "இன்னாங்க, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்றாள். சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், ரசம் கேட்டுவிட்டேன். நான் கோழை மச்சான். பிள்ளை தன் விரலைத் திட்டிக்கொள்கிறாள், திட்ட வேண்டிய கை எதிரே உட்கார்ந்து அப்பளம் நொறுக்குகிறது.

திருப்பித் தளர்த்திவிடலாம் என்றால் எத்தனை சுற்று முடுக்கினேன் என்று எண்ணவில்லை. தொடுவதற்கு முன்னால் அளவை எழுதி வை என்று புதுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவன் நான்! செவ்வாய்க்கிழமை கிளப்புக்குப் போய், துடைக்க வேண்டும் என்று ரைபிளைக் கேட்டேன். "ஃபிரடி வர்ற வரைக்கும் உங்க கையில குடுக்கறதா இல்ல சார்" என்று ராஜசேகர் சார் சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் இருமினார். போதாக்குறைக்கு அந்த மார்க்கரையும் திங்கட்கிழமையிலிருந்து காணவில்லை, கம்பெனியில் தொலைத்ததாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதையும் தண்டனை என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆகவே மச்சான், பந்தியில் பாயசம் வருவதற்குள் எழுந்தாலும் பரவாயில்லை, சனிக்கிழமை விடிவதற்குள் வந்து, யாருக்கும் தெரியாமல் அந்த ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து விடுங்கள். பிள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டாம். மணமக்களுக்கு எங்கள் மூவரின் வாழ்த்தும், உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் தோத்திரமும். கர்த்தர் உங்கள் பிரயாணத்தைக் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
யேசுராஜ்

பின்குறிப்பு: நீங்கள் வர வேண்டாம். பாயசம் சாப்பிடவும். உறையை ஒட்டக் கோந்து கேட்டேன், எவாஞ்சலின் கோந்தோடு வந்து கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையே கோட்டைப் பார்த்துவிட்டாளாம். "ரைபிள்ல மஞ்சக் கோடு போடற ஆளு இந்த ஊர்ல வேற யாருப்பா?" என்கிறாள். திங்கட்கிழமையே ராஜசேகர் சாரை வைத்துக்கொண்டு, நீங்கள் போனில் சொல்லச் சொல்லத் திருப்பிச் சரிசெய்தாயிற்றாம், ஸ்பீக்கரில்! ரப்பர் பந்து அவள் யோசனை, வாபஸ் கிரேசியின் யோசனை. "நீங்களா எப்ப சொல்லுவீங்கன்னு பார்த்தேம்பா" என்றபோது அவள் குரல் கொஞ்சம் உடைந்தது, எனக்குக் கண்ணே தெரியவில்லை. மார்க்கரும் அவளிடம்தான் இருந்தது. ஸ்க்ரூ தானாக நகர்ந்தால் தெரிய வேண்டும் என்று, சரியான இடத்தில் அவளே புதுக் கோடு போட்டிருக்கிறாளாம். இந்த உறையின் வாயிலும் ஒரு மஞ்சள் கோடு இருக்கும். அதைப் போடப்போகிறவளும் அவள்தான், கடிதத்தைச் சரிபார்த்துவிட்டாளாம்.