தேவாங்கு படித்த ஒரே அத்தியாயம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் வாயில் மிச்சமிருக்கிற நாலு பல்லும் இந்த நிமிடமே கொட்டிப்போகட்டும்!

ஒரு காட்டில் மாசிலாமணி என்றொரு தேவாங்கு இருந்தது. புத்தகங்களைப் படம் பிடித்து இணையத்தில் போடுவதே அதன் பிழைப்பு. புத்தகத்துக்குப் பக்கத்தில் கொட்டாங்கச்சியில் காபி, மேலே ஒரு புரசம்பூ, பின்னால் தன்னுடைய இரண்டு கண்கள். பிறவியிலேயே பிதுங்கிய கண்கள் அவை. கரப்பான்பூச்சி தின்னும்போதும் அப்படித்தான் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது தெரியுமா? "அடேயப்பா, ஆளையே இப்படி உலுக்கிவிட்டதே, என்ன புத்தகமோ!" என்று ஹார்ட்டை அள்ளிக் கொட்டினார்கள். மாசிலாமணியோ பின்னட்டையைத் தாண்டி ஒருநாளும் உள்ளே போனதில்லை.

அந்தக் காட்டுக் கரடி கோவிந்தப்பன் ஒரு நாவல் எழுதியது. பெயர் 'புற்றின் ஏகாந்தம்'. தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும், அத்தனை தடிமன்.

"தம்பி மாசிலா, வெள்ளிக்கிழமை மத்தியானம் நாம ரெண்டு பேரும் லைவ் போறோம். கடைசி அத்தியாயத்தைப் பத்தி மட்டும் நீ பேசினாப் போதும். அதுலதான் என் உயிரையே வெச்சிருக்கேன்."

"அதுக்கென்னண்ணே, பேசிடலாம்."

"படிக்காமப் பேசின நரியை என்ன பண்ணினேன்னு கேள்விப்பட்டிருப்பியே?"

கேள்விப்பட என்ன இருக்கிறது? நரி மூன்று காலில் அந்தப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மாசிலாமணி அன்றைக்கே படிக்க உட்கார்ந்தது. பிரித்த பக்கத்தில் வெயில் அழகாக விழவே, படம் எடுத்தது. பூ வாடியிருந்தது, வேறு பூ பறிக்கப் போனது. 'இன்று முதல் வாசிப்பு' என்று எழுதிப் போட்டு, வந்த வாழ்த்துக்கெல்லாம் ஒவ்வொன்றாக நன்றி சொன்னது. இப்படியே வெள்ளிக்கிழமையும் விடிந்துவிட்டது. முதல் வரி அப்படியே கிடந்தது.

கால் போய்விடுமே என்கிற அவசரத்தில் கடைசி அத்தியாயத்தைப் புரட்டியது. அங்கேதான் வந்தது வினை. அச்சகத்தில் பைண்டிங் பார்க்கும் குரங்கு, பக்கத்தில் கிடந்த வேறொரு புத்தகத்தின் தாள்கட்டை எடுத்து நாவலின் கடைசியில் வைத்துத் தைத்திருந்தது. எல்லாப் பிரதியிலும் அப்படித்தான். 'எருமைக் கன்று பராமரிப்பு'. மாசிலாமணிக்கு என்ன தெரியும், பாவம்! நாவல் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று எழுத்து விடாமல் படித்தது. வாழ்நாளில் முதல் தடவையாக.

லைவ் தொடங்கியது. காடே கூடியிருந்தது.

"சொல்லு தம்பி, கடைசி அத்தியாயம்?"

"மறைக்காமச் சொல்றேண்ணே. அந்தக் கன்னுக்குட்டிக்குக் கழிச்சல் கண்டு, மாதுளைத் தோலை இடிச்சுப் புகட்டுறாங்களே... அங்க நான் உடைஞ்சுட்டேன்."

கரடிக்கு மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. அது எழுதியதோ ராணிக் கரையானின் மரணம்.

"கன்னுக்குட்டியா?"

கரடியின் கை மெல்ல மேலே எழும்பியது. மாசிலாமணி தன் இடது காலைக் கடைசியாக ஒருமுறை ஆசையோடு தடவிக்கொண்டது.

அப்போது லைவுக்குக் கீழே முயல் எழுதியது: "ஐயோ, அந்தக் கழிச்சல்! ரெண்டு நாள் எனக்குச் சோறே இறங்கலை."

கீரி: "மாதுளைத் தோல் இன்னும் மனசுலயே நிக்குது."

மயில்: "கழிச்சலை இவ்வளவு கவித்துவமா எவரும் எழுதினதில்லை."

எல்லாரும் நாவலை வாங்கிப் படம் போட்டவர்கள்தான். மேலே சுற்றிய கண்ணாடித் தாளைத்தான் இன்னும் கிழிக்கவில்லை.

ஆமை மட்டும், "ஏங்க, அது பைண்டிங் தப்புங்க" என்றது. "பொறாமை பிடிச்ச ஓடு!" என்று எல்லாருமாகச் சேர்ந்து அதை பிளாக் செய்தார்கள்.

கரடி மேலே மேலே பறக்கும் ஹார்ட்டுகளைப் பார்த்தது. ஓங்கிய கையை அப்படியே கொண்டுபோய் மாசிலாமணியின் தோளில் போட்டது.

"அது ஒரு குறியீடு, தம்பி. கண்டுபிடிச்சவன் நீ ஒருத்தன்தான்."

அடுத்த பதிப்பில் கரையானையெல்லாம் நீக்கிவிட்டு எருமையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பக்கத்து ஊர் எருமை ஒன்று அதைப் படித்துக் கன்றைப் பிழைக்கவைத்து, கரடியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனது. இலக்கியத்தால் என்ன பிரயோஜனம் என்று இனி எவனாவது கேட்கட்டும்!

நீதி: படித்தே தீரவேண்டிய ஆபத்து வந்தால், எழுதியவரே படிக்காத பக்கமாகப் பார்த்துப் படிக்கவும்.

இதை யார் சொன்னது என்று மட்டும் எவரிடமும் மூச்சு விடாதீர்கள். கரடிக்கு மரம் ஏறவும் தெரியும்.